துளைகள் தாங்கும் பாலம்

அமைப்பு, கட்டுக்கோப்பு என்று பேச்செடுத்தாலே எனக்கு தெற்கு வேல்ஸின் பான்டப்ரீத் கல்பாலம்தான் ஞாபகத்துக்கு வரும். தாஃப் நதிமேல் 1746இல் வேலை தொடங்கியவர் வில்லியம் எட்வர்ட்ஸ், கொத்தனார், பிரசங்கியும்கூட. பல கண்கள் வைத்த முதல் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிற்று. ஆற்றில் தூணே வேண்டாமென்று ஒற்றை வளைவாகக் கட்டினார். அதுவும் விழுந்தது: இருபக்கத் தோள்களின் கனம் நெருக்க, மெலிந்த உச்சி மேலே பிதுங்கிவிட்டது. 1756இல் முடித்த பாலத்தில் தோளுக்கு மூன்று உருளைத் துளைகள் விட்டார். கனம் குறைய, அழுத்தம் கல்வளையத்துக்குள்ளேயே இறங்கியது. 140 அடி வளைவு இன்றும் நிற்கிறது.

நம் இயக்கங்களோ துளை கண்டால் பிளவு என்று அடைக்கப் பார்க்கின்றன. நிற்பது மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. ஏற்றம் செங்குத்து, வண்டிகள் திணறின. 1857இல் பக்கத்திலேயே இன்னொரு பாலம் போடவேண்டி வந்தது.