உங்களுக்குத் தெரியுமா? பெட்டிக்குள் ஒரு கிறிஸ்துமஸ்

காலியான செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்து, வீட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, வசதியில்லாத ஒரு குழந்தைக்குக் கிறிஸ்துமஸ் பரிசு அடுக்குவது பல நாடுகளில் பரவிவிட்ட நல்ல பழக்கம். தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வாழும் குடும்பங்களும் இதைச் செய்யலாம். பெட்டியைத் திறக்கப்போகும் குழந்தையை மனத்தில் வைத்து அடுக்கினால் போதும்.

● 1990இல் ருமேனியாவின் அனாதை இல்லங்களில் குழந்தைகள் பட்ட பாடு உலகுக்குத் தெரியவந்தது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ரெக்ஸம் என்ற ஊரைச் சேர்ந்த டேவ் குக், ஜில் குக் தம்பதி அந்த ஆண்டே பரிசுப் பெட்டிகளைத் திரட்டி லாரிகளில் ருமேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். 'ஆபரேஷன் கிறிஸ்துமஸ் சைல்டு' பிறந்தது இப்படித்தான். 1993 முதல் 'சமாரிட்டன்ஸ் பர்ஸ்' என்ற அமெரிக்க அமைப்பு இதை நடத்துகிறது. அன்றிலிருந்து போய்ச்சேர்ந்த பெட்டிகள் 20 கோடிக்கும் மேல்!

● அந்தப் பெட்டிகளில் 2 முதல் 4, 5 முதல் 9, 10 முதல் 14 என வயதைக் குறித்து, ஆணா பெண்ணா என்றும் எழுதி ஒட்டுவார்கள். பழைய பொருள், திரவம், பொம்மைத் துப்பாக்கி எதற்கும் இடமில்லை. நம் வீட்டுப் பெட்டிக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

● 1914 கிறிஸ்துமஸுக்கு, 17 வயது பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பெயரால் முதல் உலகப் போரின் போர்முனை வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டிகள் போயின. பெரும்பாலோர் பெட்டியில் புகையிலையும் சிகரெட்டும் இருந்தன. பிரான்ஸில் போரிட்ட சீக்கிய வீரர்கள் புகைக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கற்கண்டும் மசாலா டப்பாவும் போயின. வாங்குபவர் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுத்த பரிசு!

● அமெரிக்காவின் 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' இயக்கம் ஒரு துணிப் பொம்மையில் தொடங்கியது. 1947இல் லாஸ் ஏஞ்சலிஸில், பில் ஹெண்ட்ரிக்ஸ் என்ற கடற்படைக் காலாட்படை அதிகாரியின் மனைவி டயான், தன் கையால் செய்த பொம்மையை ஓர் ஏழைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னார். வாங்கிச் சேர்ப்பிக்க எந்த அமைப்பும் இல்லை. ஹெண்ட்ரிக்ஸே களத்தில் இறங்கினார். அந்த முதல் ஆண்டிலேயே 5,000 பொம்மைகள் சேர்ந்தன.

● 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கரையோரத்துக்கு வந்து குவிந்த பழந்துணிகளில் ஏராளமானவை உடுத்த ஆளின்றிச் சாலையோரத்தில் கிடந்தன. தில்லியில் 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு அந்தத் துணிகளைத் திரட்டி, தரம் பிரித்து, பயனுக்குக் கொண்டுவந்தது. குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. நாம் உடுத்தத் தயங்கும் துணியைப் பெட்டியில் வைக்க வேண்டாம்.

● தில்லியின் குளிர் எத்தனை டிகிரி என்று செய்தியில் சொல்கிறார்களே, அது லக்ஷ்மிபாய் நகருக்கு அருகிலுள்ள சப்தர்ஜங் வானிலை நிலையத்தின் கணக்கு. டிசம்பர் கடைசியில் 5, 6 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். ஆகவே இங்கே பெட்டியின் அடியில் முதலில் போக வேண்டியவை கம்பளிக் குல்லா, கையுறை, இரண்டு ஜோடி காலுறை. பக்கத்துச் சரோஜினி நகர் மார்க்கெட்டில் இவை மலிவாகக் கிடைக்கும். ஸ்வெட்டர் வாங்கினால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், அடுத்த குளிருக்கும் ஆகும்.

● 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொம்மைகளைப் பதிவுபெற்ற கலைஞர்கள் செய்திருந்தால் விலக்கு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும், சாயமேற்றிய அரக்குப் பூசிய சென்னபட்டணா மரப் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை.

● 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, சுமார் 3 செ.மீ. அகலக் குழாய்க்குள் முழுதாக நுழையும் எந்தப் பொருளும் ஆபத்து, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பட்டன் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். அந்தப் பேட்டரி போட்ட பொம்மையைச் சின்னக் குழந்தைகளுக்குத் தரவே கூடாது.

● எய்ம்ஸ் மருத்துவமனை லக்ஷ்மிபாய் நகரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே சிகிச்சைக்கு வரும் குழந்தைகளுக்குப் பெட்டி தர ஆசையா? புற்றுநோய்ச் சிகிச்சையில் நோய் எதிர்ப்பு குறையும், பஞ்சுப் பொம்மையில் கிருமி தங்கும். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பொருள்கள், புதிய வண்ணப் பென்சில், படம் வரையும் நோட்டு நல்லவை. வார்டில் அனுமதி கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

● தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் ஒன்று லக்ஷ்மிபாய் நகரில்தான் இருக்கிறது. தமிழும் இந்தியும் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. வாழ்த்து அட்டையை அவர்கள் கையாலேயே இந்தியில் எழுதட்டும். பெறும் குழந்தை தானே படித்து மகிழும்.

● காப்பகக் குழந்தையைப் பரிசோடு படமெடுத்து வெளியிட நினைக்காதீர்கள். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளிப்படுத்துவதை 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு முன்மாதிரியான புனித நிக்கலஸும் மூன்று ஏழைப் பெண்களுக்கு இரவில், யாரும் அறியாமல் பொன் கொடுத்தார் என்றுதான் மரபுக் கதை சொல்கிறது.

● குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுப்பதென்றால் எத்தனை குழந்தைகள், என்னென்ன வயது என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரு குழந்தைக்குப் பெரிய பெட்டி, பக்கத்துக் குழந்தைக்குச் சின்னது என்றால் மனம் வாடும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பட்டியல்படி வாங்கினால் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கும்.

● தில்லி சப்தர்ஜங் நிலையத்தில் பதிவான மிகக் கடுமையான குளிர் டிசம்பரில் வந்ததல்ல. 1935 ஜனவரி 16 அன்று மைனஸ் 0.6 டிகிரி, பொங்கலையொட்டிய நாள்! கிறிஸ்துமஸுக்குப் பெட்டிகள் வந்து குவியும், ஜனவரியில் குறைந்துவிடும். அதனால் கம்பளியில் பாதியை எடுத்துவைத்து, பொங்கலுக்கு இரண்டாம் பெட்டி கட்டுங்கள்.