கொழும்புக் கொள்முதலுக்கு இரவு ரயில்: பதினான்கு பேர் போன கதை

நோன்புக்கு முன் கொழும்புக்குப் போய்ச் சரக்கு எடுப்பது எங்கள் ஊர்ப் புடவைக்கடைக்காரர்களுக்குப் பரம்பரைப் பழக்கம். காத்தான்குடியிலிருந்து போகிறவர் ஏறாவூர்க்காரரையும் கூட்டிக்கொள்வார், ஏறாவூர்க்காரர் ஓட்டமாவடியில் இருக்கும் மச்சானுக்குச் சொல்வார். ஐந்து பேரில் தொடங்கி பத்து, பன்னிரண்டு பேரில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு எழுகிற கேள்வி எல்லா வருடமும் ஒன்றுதான். வேனா, பஸ்ஸா, ரயிலா?

நான் ரயில் கட்சி. எங்கள் வாப்பா காலத்தில் ‘கோச்சி’ என்பார்கள். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். கோட்டையிலிருந்து பொல்காவலை, குருநாகல், மாஹோ, கல்ஓயா, பொலன்னறுவை என்று சுற்றி ஏறத்தாழ 350 கிலோமீற்றர். பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு ரயில் வந்தால் ஏதாவதொரு ஸ்டேஷனில் காத்துக் கிடக்க வேண்டும். போர்க் காலத்தில் அது மட்டக்களப்புக்கு வராமலே இருந்த நாட்களும் உண்டு. மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் பழைய இரும்புப் பாலத்தில் ரயிலும் லொறியும் ஒரே தளத்தில் போன காலம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ரயில் கட்சி என்றாலும் ரயிலால் நான் அடிபட்டவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 நோன்புக்கு முன் ஒன்பது பேர் போகத் தீர்மானித்தோம். டிக்கட் விடயத்தை யாரும் கவனிக்கவில்லை. பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஸ்டேஷனுக்குப் போனால் ஆசனம் முடிந்துவிட்டது. ஒருவர் வந்தார், ‘எனக்கு ஆள் இருக்கு, கொஞ்சம் கூடக் கொடுத்தா எடுத்துத் தாறன்’ என்றார். கொடுத்தோம். வண்டியில் ஏறிப் பார்த்தால் ஆறு பேருக்குத்தான் ஆசனப் பதிவு. மற்ற மூன்றும் பதிவு இல்லாத சாதாரண மூன்றாம் வகுப்பு டிக்கட். அந்த மூவரில் ஒருவர் எங்கள் சாச்சா, அன்றைக்கு 64 வயது. நான் என் ஆசனத்தைக் கொடுத்தேன், வாங்கமாட்டேன் என்று பிடிவாதம். கதவோரத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்து விடியும்வரை வந்தார்.

நட்டம் டிக்கட்டில் இல்லை, அடுத்த நாள் புறக்கோட்டையில்தான் வந்தது. முதலாம் குறுக்குத் தெருவில் ஏறும்போதே சாச்சாவுக்குக் கண் சொருகியது. பகல் வெயிலில் ஒரு மொத்தக்கடையில் பிள்ளைகளின் சட்டை நாற்பது டசின் பேசி முடித்துவிட்டார். நாற்பது வருடம் துணியைத் தடவிப் பார்த்தே விலை சொல்லும் மனிதர், அன்று மேலே இருந்த கட்டை மட்டும் பிரித்துப் பார்த்தார். ஊருக்கு வந்து அவிழ்த்தால் பாதிக்கு மேல் ஒரே அளவு, அதுவும் முந்திய வருடத்துச் சரக்கு. மொத்தக்கடையில் திருப்பி எடுக்கவில்லை. அந்தப் பெருநாளில் அவருடைய லாபம் அந்த நாற்பது டசினோடு போய்விட்டது. பயணச் செலவைக் கணக்குப் பார்க்கிற நாம் தூக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதே வருடம் ஜூலை 9ஆம் திகதி மன்னம்பிட்டியில் பஸ் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. கதுருவெலையிலிருந்து நம் பக்கம் வந்த பஸ். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தப் பாதையில் போய்வராத வியாபாரி நம்மில் யார்? அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெண்கள், இரவு வேன் என்று சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

2025 நோன்புக்கு பதினான்கு பேர் சேர்ந்தோம். இந்த முறை டிக்கட் பொறுப்பை நானே எடுத்தேன். நம் நாட்டில் ஆசனப் பதிவு பயணத்துக்கு 30 நாட்களுக்கு முன் திறக்கிறது. ஒருவருக்கு ஐந்து ஆசனம் என்ற கணக்கு. ஆகவே பதினான்கு பேரை ஐந்து, ஐந்து, நான்கு என்று மூன்றாகப் பிரித்து, மூன்று பேர் அடையாள அட்டையோடு ஒன்றாகப் போய் வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நின்றோம். ஒரே பெட்டியில் அடுத்தடுத்து வேண்டும் என்று கௌண்டரில் இருந்தவரிடம் சொன்னோம், முகம் சுளிக்காமல் போட்டுத் தந்தார். வீட்டிலிருந்து கணினியிலும் எடுக்கலாம். ஆனால் மூவர் மூன்று வீட்டிலிருந்து அழுத்தினால் மூன்று பெட்டியில் விழ வாய்ப்பு உண்டு. குழுவாகப் போகிறவர்களுக்குக் கௌண்டர்தான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. நம் ரயிலில் பதிவுக் கட்டணம் நிலையானது. முப்பது நாள் முன் எடுத்தாலும் மூன்று நாள் முன் எடுத்தாலும் அதே விலை. முந்திப் போவது ஆசனத்துக்காக மட்டுமே. ஐரோப்பாவில் கதை வேறு. லண்டனில் இருக்கும் என் மருமகன் ஆறு நண்பர்களாக சூரிச்சிலிருந்து வியன்னாவுக்கு இரவு ரயிலில் போனதைச் சொன்னான். ஒஸ்ட்ரிய ரயில்வே ‘நைட்ஜெட்’ என்ற பெயரில் ஓட்டுகிறது. ஜெர்மன் ரயில்வே 2016 டிசம்பரில் தன் படுக்கை ரயில்களை நிறுத்தியபோது அதில் ஒரு பகுதியை ஒஸ்ட்ரியாக்காரர் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். அங்கே உட்காரும் ஆசனம், ஓர் அறையில் ஆறு பேர் வரை படுக்கும் சாதாரணப் படுக்கை, தனி அறை என்று மூன்று தரம். ஆறு பேர் என்றால் ஓர் அறையையே எடுத்துக் கதவைப் பூட்டிக்கொள்ளலாம், ஹோட்டல் செலவும் மிச்சம். ஆனால் டிக்கட் விற்க விற்க விலை ஏறும். பிந்தி எடுத்தால் விமானமே மலிவு என்ற நிலை வந்துவிடும் என்றான்.

திருப்பூருக்குப் போகிறவர்கள் இந்தியக் கணக்கையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சென்னையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸ் இரவில் புறப்பட்டு அதிகாலையில் திருப்பூரில் விடும். ஒரு டிக்கட்டில் ஆறு பேர் வரை போடலாம். முன்பதிவு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். நம் ரயிலில் இல்லாத பெரிய வசதி, மலிவான வகுப்பிலேயே காலை நீட்டிப் படுக்கலாம். நமக்குப் படுக்கை என்பது முதல் வகுப்பில் சில அறைகள்தான், அது ஒரு குழுவுக்குக் காணாது. இரண்டாம் வகுப்பில் சாயும் ஆசனத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பெப்ரவரி 23 ஞாயிறு இரவுக்கு டிக்கட் கையில். 20ஆம் திகதி விடியுமுன் ஹபரணைப் பக்கத்தில் மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்துப்போயின, பெட்டிகள் தடம் புரண்டன. பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று அஸர் தொழுதுவிட்டு வந்தவர்கள் கடை வாசலில் கூடிவிட்டார்கள். ‘யானைப் பாதையில உயிரைக் குடுக்கவா?’ என்றார் ஒருவர். ‘மன்னம்பிட்டியில செத்தது ரயில்ல போனவங்களா?’ என்றார் இன்னொருவர். பேச்சு நீண்டு, ஐந்து பேர் வேன் பிடித்துவிட்டார்கள். அவர்களுடைய டிக்கட்டை ரத்துச் செய்யப் போனால், முந்திச் சொன்னால்தான் ஒரு பகுதி திரும்பும், இவ்வளவு பிந்தினால் இல்லை என்றார்கள். ஐந்து ஆசனக் காசும் போனது. அதில் இரண்டில் சாச்சா குறுக்கே படுத்துக்கொண்டு கோட்டை வரை நிம்மதியாக வந்தார்.

உண்மையைச் சொன்னால், போகும்போது வேன்காரர்கள்தான் முந்தினார்கள். எங்கள் ரயில் கல்ஓயாப் பக்கம் நடக்கிற வேகத்தில் போய்ப் பிந்திவிட்டது. கோட்டையில் இறங்கி, நடந்தே சம்மாங்கோட்டுப் பள்ளிக்குப் போய் சுபஹ் தொழுது, தேநீர் குடித்து, கடைகள் திறக்கும்வரை நேரம் இருந்தது. திங்களும் செவ்வாயும் கொள்முதல். சரக்கை வழக்கம்போல் லொறியில் போட்டோம். வேனில் போனால் சரக்கும் கூட வரும் என்பார்கள், ஐந்து பேர் வாங்கும் சரக்கு எந்த வேனில் அடங்கும்? அவர்களும் கடைசியில் அதே லொறியில்தான் ஏற்றினார்கள். செவ்வாய் இரவு திரும்பினோம், புதன் சிவராத்திரி விடுமுறை என்பதால் ரயிலில் நெருக்கம். முந்தியே பதிவு செய்திருந்ததால் எங்களுக்குத் தொல்லை இல்லை. வேன் சாரதி இரண்டு நாளும் சரியாகத் தூங்கவில்லை, வெலிக்கந்தையில் வண்டியை ஓரங்கட்டி இரண்டு மணித்தியாலம் படுத்துவிட்டார். படுத்தாரே என்று நான் சந்தோஷப்பட்டேன். படுக்காமல் ஓட்டுகிறவர்களை நினைத்தால்தான் பயம்.

செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்து பேர் பிரித்துக் கொடுத்ததால் வேனில் ஆளுக்கு வந்தது, எங்கள் இரண்டாம் வகுப்புப் போக்குவரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பன்னிரண்டு பேர் நிரம்பியிருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகியிருக்கும். ஆகவே குழு பெரிதென்றால் ரயில்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். குழு சிறிதாக இருக்கும்போதுதான் ரயிலின் மலிவு தெரிகிறது. குழு பெரிதானால் வேறுபாடு தூக்கத்திலும் பாதுகாப்பிலும். பதிவில்லாத மூன்றாம் வகுப்பு பஸ்ஸைவிட மலிவு. இளவட்டங்கள் அதில் போகலாம், வயதானவரை ஏற்றாதீர்கள்.

அந்தப் பயணத்துக்குப் பின் சில மாற்றங்கள் வந்தன. யானை விபத்துக்குப் பிறகு இந்தப் பாதையில் இரவு ரயில்களின் நேரத்தை மாற்றினார்கள், பழைய நேரத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 2025 மே முதல், தூர ரயில்களுக்கு முன்பதிவு செய்யும்போது அடையாள அட்டை அல்லது பாஸ்போட் இலக்கம் கட்டாயம். மலையகப் பாதை டிக்கட்டுகளை வாங்கிக் குவித்து வெளிநாட்டவருக்குப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களால் வந்த வினை. நமக்கு அது நல்லதுதான். ‘எனக்கு ஆள் இருக்கு’ என்று வருகிறவரின் டிக்கட் இன்னொருவர் பெயரில் இருந்தால் நடுவழியில் அவமானப்படப்போவது நாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுக்க ரயில் பாதைகளை உடைத்ததையும் கண்டோம். மழைக் காலத்தில் போகிறவர்கள் இரண்டு நாள் முன் விசாரித்துவிட்டு லொறிக்காரருக்குச் சொல்லட்டும்.

நாள் தெரிவு செய்வதிலும் கொஞ்சம் யோசியுங்கள். ஞாயிறு இரவு கொழும்புக்குப் போகும் ரயிலில் வேலைக்குத் திரும்புகிறவர்களின் நெருக்கம், வெள்ளி இரவு அங்கிருந்து வருவதிலும் அப்படித்தான். போயா வாரமும் சித்திரைப் புத்தாண்டும் சொல்லத் தேவையில்லை. எங்களைப்போல் ஞாயிறு போகாமல் திங்கள் இரவு போனால் பதினான்கு பேருக்கும் அடுத்தடுத்து ஆசனம் கிடைப்பது எளிது. ஓட்டமாவடிக்காரர்கள் வாழைச்சேனையில் ஏறலாம், ஏறாவூரில் ஸ்டேஷன் ஊரிலேயே இருக்கிறது. காத்தான்குடிக்காரர்தான் கல்லடிப் பாலம் தாண்டி ஓட்டோ பிடிக்க வேண்டும்.

அடுத்த பயணத்துக்கு இருபது பேர் பெயர் தந்திருக்கிறார்கள், வேனில் போன ஐந்து பேரில் நான்கு பேர் உட்பட. நான்கு பேர் வரிசையில் நிற்க வேண்டும். சாச்சா மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: அவருக்கு இரண்டு ஆசனம் எடுக்க வேண்டுமாம், காசு அவரே தருவாராம்.