திரையில் பிழை பூஜ்யம், தரையில் இருநூறு மீட்டர்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கேட்ட தனிநபர்களுக்கு நீட்டித்துக் கொடுத்த பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2026 அக்டோபர் 13-உடன் நின்றுவிடும். ஜீப்பின் டேஷ்போர்டில் பழைய லேப்டாப்பைப் பொருத்தி, கூரையில் யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒட்டி, ஸ்கேன் செய்த வரைபடத்தின் மேல் புள்ளி நகர்வதைப் பார்த்து ரோடில்லாத இடங்களில் ஓட்டும் வாசகர்கள் பலர் இந்தத் தேதியைக் கண்டு பதறி எழுதுகிறார்கள். ‘ஆதரவு முடிவு’ என்று நிறுவனம் அறிவிப்பதன் நேர்ப்பொருள், இனி எது நடந்தாலும் எங்களைக் கேட்காதீர்கள் என்பதுதான். இணையத்தோடு சேராமல் ஜீப்பில் ஓடும் லேப்டாப் அந்தத் தேதியில் நின்றுபோகாது. புது லேப்டாப்புக்கு மாறுபவர்களுக்குத்தான் உண்மையான தொல்லை. பழைய ஜிபிஎஸ் வில்லைகள் பலவற்றில் புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 சிப் இருக்கிறது. அதன் முந்தைய ரகங்களை விண்டோஸ் 11 டிரைவர் ஏற்பதில்லை; ‘2012-லேயே கைவிடப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்’ என்ற பொருளில் டிவைஸ் மேனேஜரில் ஒரு வரி காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். வில்லை பழுதாகியிருக்காது. வேறு சிப் உள்ள புதிய வில்லை வாங்குவதோடு அந்தக் கதை முடிகிறது.

கடிதங்களில் அதைவிட அதிகமாகத் தென்படும் குழப்பம் வேறு. கருவி மூன்று மீட்டர் துல்லியம் என்கிறது, நாம் நிற்பது ஆற்றின் இந்தக் கரை, திரையிலோ புள்ளி அந்தக் கரையில் நிற்கிறது. ஆகவே எந்தக் கருவிக்கு மாறலாம் என்று கேட்கிறார்கள். எந்தக் கருவிக்கும் மாற வேண்டாம். ஜிபிஎஸ் வில்லை பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது. அது சொல்லும் எண்ணை வேறொரு பூமிக்காக வரைந்த தாளில் வைக்கிறோம், அதனால் பிசகுகிறது. அந்தப் பிசகை மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் இந்த ஏற்பாட்டில் கவலைப்பட வேண்டிய ஒரே இடம்.

1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த முக்கோண அளவைக்கு, பூமியின் வடிவம் இன்னது என்று ஒரு கணக்கு தேவைப்பட்டது. 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் போட்ட கணக்கு நிலைத்தது. மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூர் குன்றைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, துணைக்கண்டத்தின் தரைக்கு நெருங்கிப் பொருந்தும்படி அந்த முட்டையுருவைப் பொருத்தினார்கள். உலகம் முழுவதற்கும் அது பொருந்த வேண்டும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. செயற்கைக்கோள்கள் சுற்றுவதோ பூமியின் நிறை மையத்தை. அதனால் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்-84 அந்த மையத்தில் உட்கார்ந்திருக்கிறது. எவரெஸ்டின் முட்டையுருவின் மையமோ அங்கிருந்து சில நூறு மீட்டர் விலகியது. பூமத்திய ரேகை ஆரமும் ஏறத்தாழ 860 மீட்டர் குறைவு. சர்வேக்காரர்கள் டேட்டம் என்று சொல்வது இந்த முட்டையுருவையும் அதைத் தரையோடு கட்டிய விதத்தையும் சேர்த்துத்தான். டேட்டம் மாறினால் ஒரே அட்சரேகையும் தீர்க்கரேகையும் தரையில் இரண்டு வெவ்வேறு இடங்களைக் குறிக்கும்.

எவ்வளவு விலகும்? முட்டையுருவின் மையத்தை மூன்று அச்சுகளில் நகர்த்த, இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் வெளியிடப்பட்டுள்ள பொதுவான மாற்று எண்கள் 295, 736, 257 மீட்டர். இவற்றை வைத்துக் கணக்கிட்டால், ஜெய்சல்மேர்ப் பக்கம் விலகல் தோராயமாக 40 மீட்டர்தான். லடாக்கில் 140 மீட்டர், புள்ளி மேற்கே சற்றுத் தெற்காகத் தள்ளும். நீலகிரியில் 200 மீட்டரைத் தொடும், அங்கே வடமேற்காக. இந்த மாற்று எண்களிலேயே பத்திருபது மீட்டர் பிழை உண்டு என்பது தனி விஷயம். அளவு மட்டுமல்லாமல் திசையும் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதால், ‘நான் எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் பார்த்துக்கொள்வேன்’ என்ற பழக்க வைத்தியம் ஒரு மாநிலத்தைத் தாண்டினால் எடுபடாது. போதாக்குறைக்கு எவரெஸ்ட் என்ற பெயரிலேயே பல உருக்கள் இருக்கின்றன. அடியை மீட்டராக மாற்றும் விகிதத்தை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டதால் ஆரம் ஒன்றில் 6,377,276 மீட்டர், இன்னொன்றில் 6,377,301 மீட்டர். மென்பொருளின் டேட்டம் பட்டியலில் இந்தியா, வங்கதேசம், தாய்லாந்து என்று அடுத்தடுத்து நிற்கும் பதிவுகளில் எதைத் தொடுவது என்று வாசகர்கள் திகைப்பதில் ஆச்சரியமில்லை.

மென்பொருள் ஏன் எச்சரிப்பதில்லை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓசிஎக்ஸ்ப்ளோரர் போன்ற ஒன்றில் ஸ்கேன் படத்தை ஏற்றி, தாளின் மூலைகளைச் சொடுக்கி, அங்கே அச்சிட்டிருக்கும் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கொடுக்கிறோம். படத்தை நகர்த்தவும், திருப்பவும், நீட்டவும், சாய்க்கவும் மென்பொருளுக்கு ஆறு எண்கள் தேவை. மூன்று புள்ளிகள் தந்தால் ஆறு சமன்பாடுகள் கிடைக்கும். ஆறுக்கு ஆறு சரியாகப் பொருந்திவிடுவதால், ஒரு மூலையைத் தவறாகவே சொடுக்கியிருந்தாலும் பிழை பூஜ்யம் என்றுதான் வரும். நான்காவது புள்ளி கொடுத்தால்தான் சொடுக்கலில் நேர்ந்த தவறு வெளியே தெரியும். பலரும் இதுவரை வந்துவிடுகிறார்கள். ஆனால் டேட்டம் தவறு நாற்பது புள்ளி கொடுத்தாலும் தெரியாது. எல்லா மூலைகளும் ஒரே பழைய டேட்டத்தில் அச்சானவை. தவறான டேட்டத்தைத் தேர்ந்தால் அத்தனையும் ஒன்றாக, ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு தள்ளிப்போகின்றன. ஒன்றுக்கொன்று உள்ள உறவு கெடுவதில்லை, அந்த உறவை மட்டும்தான் மென்பொருள் சோதிக்கிறது. தையற்காரரின் டேப்பில் எண்கள் இரண்டு அங்குலம் தள்ளி அச்சாகியிருந்தால் எத்தனை தடவை அளந்தாலும் ஒரே அளவு வருவது மாதிரி. திரையில் பச்சை நிறத்தில் சுத்தமான எண், தரையில் 200 மீட்டர்.

ஆகவே சோதனை தாளுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். தாளில் சந்தேகமில்லாமல் அச்சாகியிருக்கும் ஒரு சந்திப்பிலோ பழைய பாலத்திலோ வண்டியை நிறுத்திப் புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பத்து கிலோமீட்டராவது தள்ளி இன்னொரு இடத்திலும் அதையே செய்யுங்கள். இரண்டிலும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் டேட்டம் தவறு. விலகல் கூடினாலோ திசை சுழன்றாலோ, மூலைகளைச் சொடுக்கியதில் தவறு, அல்லது தாளின் புரொஜெக்‌ஷனைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். பழைய சர்வே தாள்கள் பாலிகோனிக் முறையில் வரைந்தவை, யூடிஎம் அல்ல.

இதெல்லாம் தீர்ந்துபோன பிரச்சினை என்று அரசுத் தரப்பில் சொல்வார்கள். 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை, இந்திய சர்வே துறையின் தாள்களை இரண்டாகப் பிரித்தது. பொதுமக்களுக்கான ஓப்பன் சீரிஸ் முழுவதும் டபிள்யூஜிஎஸ்-84, யூடிஎம். பாதுகாப்புக்கான வரிசையில் எவரெஸ்டும் தொடரலாம் என்றது. பாதுகாப்பு வரிசையைப் பற்றிச் சொல்லும்போது, துல்லியம் குறைக்கப்படாதது என்று அந்த ஆவணம் தனியாகக் குறிப்பிடுகிறது. அப்படியானால் மற்றதில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. அது இருக்கட்டும். ஓப்பன் சீரிஸ் தாள் கையில் இருந்தால் இந்த டேட்டம் தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனால் மலையேறிகளும் ஜீப்காரர்களும் கைமாற்றிக்கொள்ளும் ஸ்கேன்களில் பாதிக்கு மேல் ‘58 ஏ’, ‘52 எஃப்’ என்று பழைய முறையில் எண்ணிட்ட தாள்கள்தான் என்பதைக் கடிதங்களோடு வரும் படங்களே காட்டுகின்றன. புது வரிசைக்கு எண் முறையே வேறு. ஆகவே தாளின் எண்ணைப் பார்த்தே பாதி பதிலைச் சொல்லிவிடலாம்.

கைப்பேசி இருக்க லேப்டாப் எதற்கு, ஸ்கேன் எதற்கு என்பது இன்னொரு மறுப்பு. நியாயமானது. கைப்பேசிச் செயலிகளின் வரைபடங்கள் பிறவியிலேயே டபிள்யூஜிஎஸ்-84. ஆனால் அவற்றில் காட்டுத்தடங்கள் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைந்தவை, அந்தப் படங்களும் மலைப்பகுதியில் விலகி ஒட்டப்பட்டிருக்கலாம். சீனாவில் அரசே ஜிசிஜே-02 என்ற முறையில் எல்லாப் பொது வரைபடங்களையும் இடத்துக்கு இடம் மாறும் அளவில், சில நூறு மீட்டர் வரை, வேண்டுமென்றே தள்ளிவைக்கிறது. எல்லையோரம் ஓட்டுபவர்கள் அங்கத்திய வரைபடத்தை நம்பிவிடக் கூடாது. டேட்டம் தொல்லையின் அரசாங்கப் பதிப்பு அது.

கண் இருக்கிறதே, 140 மீட்டர் ஒரு பொருட்டா என்றும் கேட்கிறார்கள். மணல்மேட்டில் பகலில் பொருட்டில்லை. ஜெய்சல்மேரின் 40 மீட்டருக்காக யாரும் மெனக்கெட வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்க ராணுவத்தின் யூ502 வரிசைக்கும் அப்படித்தான்: 1:2,50,000 அளவுத் தாளில் 140 மீட்டர் என்பது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், கோட்டின் தடிமனே அதை விழுங்கிவிடும். 1:50,000 தாளில் அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஓடை இரண்டாகப் பிரியும் பள்ளத்தாக்கில், மாலை மங்கிய பிறகு, எந்தக் கிளையில் இறங்குகிறோம் என்பதை அந்த 3 மில்லிமீட்டர் முடிவுசெய்யும். நீலகிரியில் காப்புக்காட்டின் எல்லைக்கோடு 200 மீட்டர் தள்ளித் தெரிந்தால், வனத்துறையிடம் மென்பொருளைக் காட்டித் தப்ப முடியாது.

கருவியின் துல்லியம் பற்றி வரும் விளம்பர எண்களுக்கு இந்த வெளிச்சத்தில் பெரிய மதிப்பில்லை. திறந்த வானத்தின் கீழ் கைப்பேசிக்கு 4.9 மீட்டர் என்கிறது அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம். இந்தியாவின் நாவிக் 20 மீட்டருக்குள் என்கிறது இஸ்ரோ. அதன் முதல் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் பழுதானதும், 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 செயற்கைக்கோள் உரிய சுற்றுப்பாதையை எட்டாததும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதப்படுவதில்லை. எப்படியிருந்தாலும் 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டரே 25 மீட்டர். அந்தத் தாளை வைத்துக்கொண்டு மூன்று மீட்டருக்கும் ஐந்து மீட்டருக்கும் விலை வித்தியாசம் கொடுப்பது வீண்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஜிபிஎஸ் செருகியதும் மவுஸ் அம்பு திரை முழுக்கத் துள்ளுகிறது? விண்டோஸ் அதைச் சீரியல் மவுஸ் என்று எண்ணிவிட்டது. டிவைஸ் மேனேஜரில் அந்த மவுஸை மட்டும் முடக்குங்கள்.

தரவு வரவே இல்லை? காம் போர்ட் எண்ணும் வேகமும் மென்பொருளோடு ஒத்திருக்க வேண்டும். பழைய வில்லைகளுக்கு 4800.

இரண்டு மென்பொருள்கள் ஒரே ஜிபிஎஸ்ஸைப் பயன்படுத்தலாமா? சாதாரணமாக ஒரு போர்ட்டை ஒன்றுதான் திறக்க முடியும்.

இன்வெர்ட்டர் வேண்டுமா? வேண்டாம், 12 வோல்ட்டிலிருந்து நேராக லேப்டாப் மின்னழுத்தம் தரும் அடாப்டர் போதும். வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு செருகுங்கள்.

ஹார்ட் டிஸ்க்? குலுக்கலுக்கு எஸ்எஸ்டிதான்.

எங்கே பொருத்துவது? ஏர்பேக் விரியும் பாதையைத் தவிர எங்கும்.

செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியும் சேர்க்கலாமா? உரிமம் இல்லாமல் இந்தியாவில் கூடாது, வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள்.

சென்னைக் கடற்கரையில் உயரம் மைனஸ் எண்பது சொச்சம் காட்டுகிறது? கருவி சரிதான், அது முட்டையுருவிலிருந்து அளக்கிறது, இங்கே கடல்மட்டம் அந்த அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது.