தோல்வியின்மை ஒரு தகுதியா?

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் வளர்ந்துவரும் வீரர்களைத் தரவரிசைப்படுத்துகையில், ‘தோல்வியே காணாதவர்’ என்பதற்கு மிகையான மதிப்பு தரப்படுகிறது. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஐயம் உண்டு. இளம் வீரருக்கு எதிராளியைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் அவருடைய போட்டி அமைப்பாளரே. மாணவனே வினாத்தாள் தயாரித்தால் மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்?

பிரிட்டனின் டேனியல் டுபுவா 15 தொடர் வெற்றிகளுக்குப் பின் 2020-இல் ஜோ ஜாய்ஸிடம் தோற்றார். 2023-இல் உசிக்கிடமும் வீழ்ந்தார். ஆனால், 2024-இல் வெம்பிளியில் ஆண்டனி ஜோஷுவாவை ஐந்தாம் சுற்றில் சாய்த்தவரும் அவரே.

சதுரங்கத்தின் எலோ முறை, எதிராளியின் வலிமையைக் கணக்கில் கொள்கிறது. ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறையே மோதும் குத்துச்சண்டைக்கு அது அப்படியே பொருந்தாதுதான். ஆயினும், எதிராளியின் தரத்துக்கு முதன்மை அளித்தால், எளியவர்களோடு மோதவிட்டு வீரரை வளர்ப்பதில் கிட்டும் ஆதாயம் குறையும்.