மஞ்சள் மகிமையும் மாத்திரை ஆபத்தும்

நிஜாமாபாத், சாங்லி, ஈரோடு சந்தைகளில் மூட்டை மூட்டையாக விலைபோகும் மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின். இப்போது அதை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக்கி, தொப்பைக்காரர்களிடம் விற்கிறார்கள்.

விற்பனைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கொழுப்பு என்பது இடுப்பில் சும்மா கிடக்கும் சுமையல்ல. பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளை உற்பத்தி செய்வதையும் அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் 1993இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பருமனானவர்களின் கொழுப்பில் மேக்ரோபேஜ் எனும் தற்காப்பு அணுக்கள் கும்பலாகக் குடியேறியிருப்பது 2003இல் தெரியவந்தது. காயமில்லை, கிருமியில்லை, ஆனாலும் உள்ளே சதா ஒரு புகைச்சல். சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அது வழிவிடுகிறது.

ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் இந்தப் புகைச்சலைக் குர்குமின் அடக்கிவிடுகிறது. மனித உடலில் அவ்வளவு சுலபமில்லை. விழுங்கியதில் பெரும்பகுதி ரத்தத்தை எட்டுவதே இல்லை. எட்டும் கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே உருமாற்றி வெளியேற்றிவிடுகிறது. சில சோதனைகளில் ரத்தத்தில் அழற்சியின் அளவு ஓரளவு குறைந்தது உண்மை. எடை குறைந்ததோ சொற்பம்.

1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். 2 கிராம் குர்குமினுடன், மிளகின் காரச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்வது 2,000 சதவீதம் கூடியது. மாத்திரைக் கம்பெனிகள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. இதே ஜோடி காலங்காலமாக ரசத்தில் கொதிப்பது வேறு விஷயம்.

ஆனால் ரசத்தின் கணக்கு வேறு. மஞ்சள் பொடியில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். முழுதாக ஒரு டீஸ்பூன் போட்டாலும் 100 மில்லிகிராம் தேறுவது கஷ்டம். அதுவும் குடும்பத்துக்கே. சோதனைகளில் ஒருவருக்குத் தினசரி கொடுப்பதோ பெரும்பாலும் 500 மில்லிகிராமுக்கு மேல். யானைப் பசிக்குச் சோளப்பொரி! குழம்பில் போடும் மஞ்சள் தொப்பையைக் கரைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

மாத்திரையில் அளவு கிடைக்கிறது, கூடவே வினையும். மஞ்சள், குர்குமின் மாத்திரைகளால் அபூர்வமாகக் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று 2023இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. அதிக டோஸிலும், ரத்தத்தில் கூடுதலாகச் சேரும்படி தயாரித்த சரக்கிலும் ஆபத்து அதிகமாக இருக்கலாம். சமையல் மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், ஏற்கெனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் இந்தக் குப்பியைத் திறக்கக் கூடாது. மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறுநீர் கருத்து, கண் மஞ்சளித்தால் அது குர்குமினின் சாயம் அல்ல, காமாலை. அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.