நேற்றைக் கொண்டு கட்டும் நாளை

"நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?"

கனடாவின் டொரன்டோ நகரில் எண்டெல் டல்விங் என்ற உளவியலறிஞர் ஒருவரிடம் இப்படிக் கேட்டார். கேட்கப்பட்டவர் 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டவர். ஆய்வு நூல்கள் அவரைக் கே.சி. என்றே குறிப்பிடுகின்றன. சதுரங்கம் ஆடுவார். பள்ளியில் படித்ததெல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் தன் வாழ்வில் தனக்கு நடந்த ஒரு நிகழ்ச்சியைக்கூட, அங்கே நின்று பார்த்தவராக அவரால் சொல்ல முடியவில்லை. அடிபட்ட மூளைக்கு அது நேரக்கூடியதுதான். வியப்பு, நாளையைப் பற்றிய கேள்விக்கு வந்த பதிலில் இருந்தது. அங்கும் ஒன்றுமில்லை. நேற்றை நினைத்தாலும் நாளையை நினைத்தாலும் மனம் ஒரே மாதிரி வெறுமையாக இருப்பதாகச் சொன்னார்.

நேற்றை இழந்தவருக்கு நாளையும் ஏன் போக வேண்டும்? நாளை இன்னும் நடக்கவே இல்லையே!

2007இல் லண்டனில் ஆய்வாளர்கள் டெமிஸ் ஹசாபிஸும் எலனார் மக்வயரும் இதை நேராகச் சோதித்தார்கள். மூளையின் உட்புறத்தில், கடற்குதிரை போல வளைந்த ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. அது பழுதான ஐந்து பேரிடம், வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு சுற்றிலும் தெரிவதைச் சொல்லுங்கள் என்றார்கள். பெரும்பாலானோருக்குத் துண்டுகள்தான் வந்தன. அவை சேர்ந்து ஓர் இடமாகக் கூடவில்லை.

நினைவைப் பெட்டியில் பூட்டிய புகைப்படமாக எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் மூளை ஒவ்வொரு முறையும் முகம், குரல், இடம், மணம் எல்லாவற்றையும் தனித்தனியே எடுத்துவந்து நினைவைப் புதிதாகக் கட்டுகிறது. அதனால்தான் ஒரே கல்யாணத்தை அண்ணன் ஒரு மாதிரியும் தங்கை வேறு மாதிரியும் சொல்கிறார்கள். இந்த நெகிழ்ச்சியைக் குறை என்று தள்ள முடியாது. கழற்றி எடுக்க முடிகிற துண்டுகள் என்பதால்தான் அவற்றை வேறு விதமாகக் கோக்கவும் முடிகிறது. மகளை முன்பின் தெரியாத ஊரில் விடுதியில் சேர்க்கப் போகிற அப்பாவைப் பாருங்கள். முதல் நாள் இரவே அவர் மனத்தில் அந்த ஊர்ப் பேருந்து நிலையம், விடுதி வாசல், மகளின் கண்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. எல்லாம் அவர் வேறு எங்கோ பார்த்தவை. அந்தக் காட்சியை நம்பித்தான் பெட்டிக்குப் பூட்டும் சில்லறையும் எடுத்து வைக்கிறார். படியிறங்கும்போது "போயிட்டு வர்றேன்" என்கிறார். கிளம்பும் முன்பே திரும்பி வருவதையும் மனம் பார்த்துவிட்டது.

நம் மொழியும் காலத்தைப் பற்றி ஒன்று சொல்கிறது. முன்னோர் என்றால் நமக்கு முன் வாழ்ந்தவர்கள். பின்னாளில் என்றால் இனி வரப்போகும் நாளில். நடந்து முடிந்தது கண்ணுக்கு முன்னே. வரப்போவது முதுகுக்குப் பின்னே. தென் அமெரிக்காவின் அய்மாரா மக்களும் கடந்த காலத்தைச் சொல்லும்போது முன்னால் கைகாட்டுகிறார்கள்.

நாளையைக் கற்பனை செய்து வரைகிறவரிடமும் எழுதுகிறவரிடமும் கண்ணுக்குத் தெரிந்த நேற்றைத் தவிர வேறு சரக்கு இல்லை. 1900ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சில், 2000ஆம் ஆண்டின் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று ஓவியர் ஜான்-மார்க் கோத்தேயும் வேறு சிலரும் படங்கள் வரைந்தார்கள். ஒன்றில் ஆசிரியர் புத்தகங்களை ஓர் இயந்திரத்துக்குள் போடுகிறார்; பாடம் கம்பி வழியாக மாணவர் காதுகளுக்குப் போகிறது. பெரிய கற்பனைதான். ஆனால் இயந்திரம் ஓட, ஒரு பையன் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறான்!

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கதை என்னை இன்னும் நெகிழ்த்துகிறது. பிற்காலத்தில் இலங்கையில் குடியேறி 2008இல் கொழும்பில் மறைந்தவர் அவர். 1945 அக்டோபரில், 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள், பூமி தன்னைச் சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும். கீழிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கும். அப்படி மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்றார். மனிதன் எந்தப் பொருளையும் பூமியைச் சுற்றவிடாத காலம் அது. கணக்கு சரி, உயரம் சரி. ஆனால் அந்த நிலையங்களில் ஆட்கள் தங்கியிருப்பார்கள் என்று நினைத்தார். போர்க்காலத்தில் விமானப் படையில் ராடாரோடு வேலை செய்தவர். அவர் அறிந்த வானொலிக் கருவிகளில் வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகும், யாராவது மாற்றியாக வேண்டும். வால்வுக்கு மாற்றாக வந்த டிரான்சிஸ்டர் பிறந்ததே 1947 டிசம்பரில்தான்.

அந்தத் தவற்றால் கிளார்க் என் கண்ணில் சிறிதும் சிறுத்துப் போகவில்லை. எரிந்துபோகும் வால்வை மட்டுமே அறிந்த ஒருவர் அதை வைத்தே வானத்தில் சரியான இடத்தைத் தொட்டார். இன்று அந்தப் பாதையில் நூற்றுக்கணக்கான செயற்கைக்கோள்கள் நிற்கின்றன. நம் மொட்டைமாடி டிஷ்கள் அண்ணாந்து பார்ப்பது அவற்றைத்தான். அவை ஒன்றிலும் ஆள் இல்லை.