எரிமலையை வரைந்த ராடன் சாலே



ஓவிய வகுப்பில் "இயற்கைக் காட்சி வரைங்க"ன்னு சொன்னா நாம என்ன வரைவோம்? ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை மரம். ஆனால் இந்தோனேசியாவின் ராடன் சாலே வரைந்த மலை நெருப்பைக் கக்கும்! 1865-ல் மெராப்பி எரிமலை வெடித்ததை, பகலில் ஒரு படமாகவும் இரவில் ஒரு படமாகவும் வரைந்தார். ஒரே மலைதான், ஆனா பார்த்தா வேற வேற மாதிரி இருக்கும்.

இவர் ஜாவா தீவில் செமராங் நகருக்குப் பக்கத்தில் 1811 வாக்கில் பிறந்தார். இவர் வளரும்போது அங்கே டச்சுக்காரர் ஆட்சி. பாயன் என்ற பெல்ஜிய ஓவியர் இவரது திறமையைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார். 1829-ல் நெதர்லாந்துக்குக் கப்பல் ஏறினார். இயற்கைக் காட்சி வரைய ஷெல்ஃபவுட் என்பவரிடமும், மனிதர்களை வரைய குரூஸ்மன் என்பவரிடமும் படித்தார். பிறகு ஜெர்மனி. இருபது வருஷத்துக்கு மேல ஊர் திரும்பவே இல்லை. அங்கே இருந்தபோது 1849-ல் வரைந்த 'காட்டுத் தீ' படம் 3 மீட்டர் உயரம், ஏறக்குறைய 4 மீட்டர் அகலம். தீக்குப் பயந்து ஓடிய விலங்குகள் பாறை விளிம்பில் போக வழியில்லாமல் நிற்கும்.

இனிதான் முக்கியமான விஷயம். ஜாவாவில் டச்சுக்காரரை எதிர்த்து 1825 முதல் ஐந்து வருஷம் போர் செய்தவர் இளவரசர் டிபோநெகோரோ. 1830 மார்ச் 28-ல் பேச்சுவார்த்தைக்கு என்று மகெலாங் ஊருக்கு வரவழைத்து, அவரைக் கைது செய்துவிட்டார்கள். (இது நியாயமா?) பீனமன் என்ற டச்சு ஓவியர் இதை வரைந்தார். அதில் டச்சுத் தளபதி மேல்படியில் நின்று கை நீட்டுகிறார், இளவரசர் கீழே நிற்கிறார். டச்சுக் கொடி பறக்கிறது. படத்தின் பெயரே 'சரணடைதல்'!

1857-ல் ராடன் சாலே அதே காட்சியைத் தன் பங்குக்கு வரைந்தார். பெயர் 'கைது'. இளவரசர் தலை நிமிர்ந்து, கோபத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறார். காற்றே அசையாத காலை நேரம். கொடியைக் காணோம். டச்சுக்காரர்களுக்கு மட்டும் தலை உடம்பைவிடப் பெரிசு. அரக்கர் மாதிரி காட்டத்தான் அப்படி வரைந்தார் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ரெண்டு பேருமே சம்பவத்தை நேரில் பார்க்கவில்லை. பீனமன் ஜாவாவுக்கே வந்ததில்லை; சாலே அப்போது நெதர்லாந்தில் இருந்தார். அப்போ எது உண்மை என்று கேட்பீர்கள். கைது செய்ததைச் 'சரணடைதல்' என்று சொல்லலாமா, அதை யோசியுங்கள்.

இன்னொன்று, இந்தப் படத்தை அவர் யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? டச்சு அரசர் மூன்றாம் வில்லியத்துக்கு! டச்சு அரசாங்கத்தின் பணத்தில் படித்தவர் அவர்களிடமே இதை நீட்டியது துணிச்சல் என்றுதான் எனக்குத் தோணுது. நன்றி கெட்ட செயல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்க மாட்டேன். 1978-ல் அந்தப் படம் இந்தோனேசியாவுக்கே திரும்பி வந்தது.

அவர் 1880-ல் போகோர் நகரில் காலமானார். புதன் கிரகத்தில் உள்ள ஒரு பெரிய பள்ளத்துக்கு 2008-ல் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

'கைது' படத்தைக் கீழே பென்சிலில் வரைந்திருக்கிறேன். தலை பெரிசா இருக்கேன்னு யாரும் சிரிக்காதீங்க, அவர் வரைந்ததே அப்படித்தான்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி